துணி டயாபர் வாங்கும் முன் துவைப்பது யார் என்று முடிவு செய்யுங்கள்

ஏழாம் மாதம், முதல் பிரசவம். மாமியார் பழைய வேட்டித் துணி போதும் என்கிறார், கணவர் கடையில் விற்கும், ஒருமுறை போட்டுத் தூக்கி எறியும் டயாபர்தான் வசதி என்கிறார், தோழி இருபது துணி டயாபரை ஒரேயடியாக வாங்கிவிடு என்கிறார். ஆறு மாதம் முடிந்ததும் வேலைக்குத் திரும்ப வேண்டும், இதில் எது சரி, எத்தனை வாங்குவது, குழந்தைக்குப் புண் வருமா என்பது உங்கள் கேள்வி. என் இரண்டு பிள்ளைகளையும் பெரும்பாலும் துணியில்தான் வளர்த்தேன், பெரியவனை வேளச்சேரியில் மூன்றாம் மாடி வாடகை வீட்டில், சின்னவளைத் தஞ்சாவூரில் அம்மா வீட்டில். அதற்குப் பிறகு சொந்தத்திலும் அக்கம்பக்கத்திலும் பத்துப் பன்னிரண்டு வீடுகளில் கூட இருந்து பழக்கிக் கொடுத்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உங்களைச் சுற்றியுள்ள மூன்று பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்று பேருமே துவைப்பதைப் பற்றிப் பேசவில்லை. துணி டயாபரை ஆரம்பித்துப் பாதியில் விட்டவர்கள் எனக்கு நிறையப் பேரைத் தெரியும், அவர்களில் ஒருவர்கூட டயாபர் மோசம் என்று விடவில்லை. யார் துவைப்பது, எந்தத் தண்ணீரில் துவைப்பது, மழை நாளில் எங்கே காயப்போடுவது என்று முன்கூட்டியே பேசி வைக்காததால் விட்டார்கள். பிரசவித்த உடம்போடு தூக்கம் இல்லாமல் இருக்கும் பெண்ணின் தலையில் அந்த வேலை தானாக வந்து விழுந்திருக்கும், மூன்றாவது வாரம் அவள் கையைத் தூக்கிவிடுவாள். நியாயம்தானே. அதனால் எத்தனை வாங்குவது என்று கேட்பதற்கு முன்னால் உங்கள் கணவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். பிறந்த குழந்தைக்கு ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு முறை துணி மாற்ற வேண்டியிருக்கும், இரண்டு நாளுக்கு ஒரு முறையாவது மெஷின் போட்டாக வேண்டும். அதைப் போடுவது, எடுத்துக் காயவைப்பது, மடித்து வைப்பது முழுவதும் அவர் பொறுப்பு என்றால் இது ஓடும். தாய்ப்பால் கொடுக்கிற வேலையை அவரால் செய்ய முடியாது, இதைச் செய்ய முடியும்.

வீட்டு வேலைக்கு ஒரு அக்கா வருகிறார், அவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்திருந்தால் அதைத் தயவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள். மலம் பட்ட துணியை அலசுவது யாருக்கும் சும்மா கூடுதலாகக் கொடுக்கிற வேலை இல்லை. அவரிடம் கேட்டு, அவர் ஒப்புக்கொண்டு, அதற்குத் தனியாகச் சம்பளம் பேசி, மலத்தை நீங்களே கழிப்பறையில் கழுவிவிட்டுப் பிறகு கொடுப்பது வேறு விஷயம். அதேபோல உங்கள் அம்மாவும். அம்மா வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போவீர்கள், அம்மா கிணற்றடியிலோ துவைக்கிற கல்லிலோ குனிந்து நாற்பது துணி துவைப்பார், வாய் திறந்து எதுவும் சொல்லமாட்டார், அவருக்கு இடுப்பு வலி வரும். என் அம்மாவுக்கு வந்தது.

சரி, இப்போது துணி வகைக்கு வருகிறேன். மாமியார் சொல்லும் வேட்டித் துணி முதல் இரண்டு மூன்று மாதத்துக்கு மிகச் சிறந்தது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஐந்நூறு தடவை துவைத்த பருத்தி அளவுக்கு மென்மையான, நன்றாக உறிஞ்சுகிற துணியைக் கடையில் வாங்க முடியாது. ஒற்றை அடுக்கு என்பதால் நல்ல வெயிலில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை, இப்போது வருகிற வேட்டிகளில் பல பாலியெஸ்டர் கலந்தவை. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், உடனே பரவி உள்ளே போனால் பருத்தி, முத்தாக நின்றால் அந்த வேட்டி வேண்டாம். நான்கு முழ வேட்டி கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் நீளமும் ஒன்றேகால் மீட்டர் அகலமும் இருக்கும், கரையை வெட்டி எடுத்துவிட்டு அறுபது சென்டிமீட்டர் சதுரமாகக் கிழித்தால் ஆறு துணி கிடைக்கும். ஐந்து வேட்டி இருந்தால் முப்பது துணி ஆயிற்று. ஓரம் பிசிறு வரும், மெஷினில் போட்டால் நூல் சுற்றிக்கொள்ளும், அதனால் ஒரு தையல் ஓட்டிவிடுங்கள். முக்கோணமாக மடித்து லங்கோட்டு மாதிரி கட்டுவது ஒரு விதம். இன்னும் பழைய விதம் நீளத் துணியை அரைஞாண் கயிற்றில் முன்னும் பின்னும் செருகிவிடுவது, எங்கள் பாட்டி அப்படித்தான் செய்வார். தொப்புள்கொடி காய்ந்து விழும்வரை, அதாவது முதல் ஒன்றிரண்டு வாரம், தொப்புளுக்குக் கீழேயே முடிச்சு நிற்கட்டும், துணியும் ஈரமும் அதில் படக்கூடாது.

இதில் உள்ள சங்கடம் உங்களுக்கே தெரியும், நனைந்தால் படுக்கையும் தூளியும் தூக்கியவர் புடவையும் சேர்ந்து நனையும். அந்தக் காலத்தில் அதற்கு ரப்பர் ஷீட்டைக் கீழே போட்டார்கள், கொஞ்ச காலம் பிளாஸ்டிக் ஜட்டி வந்தது, அது காற்றுப் புகாமல் வேர்த்து இடுப்பெல்லாம் சிவந்து போகும். நனைவதைத் தடுக்கும் மேலுறையைச் சிறப்பாக மாற்றியதில் ஒரு தாய்க்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவில் மேரியன் டோனவன் என்ற பெண்மணி 1946-இல் குளியலறைத் திரைச்சீலையை வெட்டித் தைத்து, துணி நாப்கினுக்கு மேலே போடும் நீர் கசியாத உறையைச் செய்தார், 1951-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். கடை டயாபர்களில் பெரிய பெயரான பாம்பர்ஸ் அதற்குப் பத்து வருடம் கழித்து 1961-இல்தான் விற்பனைக்கு வந்தது. இன்று நாம் வாங்கும் துணி டயாபரின் வெளிப்பக்கமும் அதே யோசனைதான், துணியின் பின்னால் பாலியூரித்தேன் என்ற மெல்லிய படலத்தை ஒட்டியிருப்பார்கள், தண்ணீர் வெளியே வராது, நீராவி ஓரளவு வெளியேறும், பழைய பிளாஸ்டிக் ஜட்டி அளவுக்குப் புழுங்காது.

கடைகளில் பாக்கெட் டயாபர், கவர், எல்லாம் சேர்த்துத் தைத்தது என்று பல பெயர்களில் விற்கிறார்கள். பாக்கெட் என்பது பை மாதிரி, உள்ளே உறிஞ்சும் பட்டையைச் செருக வேண்டும். கவர் என்பது வெறும் உறை, பட்டையை அதன்மேல் வைத்தால் போதும், சிறுநீர் மட்டும் என்றால் பட்டையை மாற்றிவிட்டு உறையைத் துடைத்து அடுத்த முறைக்கும் போடலாம். எல்லாம் சேர்த்துத் தைத்தது போடுவதற்குச் சுலபம், ஆனால் காய்வதற்கு நம் ஊர் ஐப்பசி கார்த்திகையில் இரண்டு நாள் ஆகும், அதனால் அதை நான் யாருக்கும் சொல்வதில்லை. பட்டையிலும் வித்தியாசம் உண்டு. மைக்ரோஃபைபர் என்ற செயற்கை இழைத் துணி மலிவு, சட்டென்று உறிஞ்சும், ஆனால் குழந்தை உட்கார்ந்து அழுத்தினால் ஸ்பாஞ்சைப் பிழிந்த மாதிரி வெளியே விட்டுவிடும், அதோடு தோலில் நேராகப் படவே கூடாது, தோலின் ஈரத்தையும் சேர்த்து இழுத்து வறட்சி ஆக்கிவிடும், பைக்குள் மட்டும்தான் வைக்க வேண்டும். மூங்கில் துணி நிறையக் கொள்ளும், மெதுவாகக் காயும். சணல் மாதிரியான ஹெம்ப் எல்லாவற்றையும்விட அதிகம் கொள்ளும், எல்லாவற்றையும்விட மெதுவாகக் காயும். பருத்தி நடுவில்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு நான் கடைசியில் வந்து நின்ற இடம், மாமியார் சொன்னதையும் தோழி சொன்னதையும் ஒன்றாகச் சேர்ப்பது. அந்த அறுபது சென்டிமீட்டர் வேட்டித் துணியை நாலாக நீளவாக்கில் மடித்து, பிறகு பாதியாக மடித்தால் எட்டு அடுக்குப் பட்டை கிடைக்கும். குழந்தை வளர வளர இரண்டு துணியைச் சேர்த்து மடியுங்கள். அதைக் கவரில் வைத்துப் போட்டுவிட்டால் கசியாது, துவைக்கும்போது பிரித்தால் மறுபடி ஒற்றை அடுக்கு, அழுக்கு முழுவதும் போகும், மழை நாளிலும் ஃபேனுக்கு அடியில் காய்ந்துவிடும். ஆறு கவர், முப்பது வேட்டித் துணி, வெளியே போகும்போதும் நீளமாகத் தூங்கும்போதும் போட நான்கு பாக்கெட் டயாபர், இது போதும். இருபது வாங்க வேண்டியதில்லை. முதலில் இரண்டு வெவ்வேறு கம்பெனியில் ஒவ்வொன்று வாங்கிப் போட்டுப் பாருங்கள், சில குழந்தைக்குத் தொடை மெல்லிசு, சிலருக்குக் குண்டு, ஒருத்திக்குப் பொருந்துவது இன்னொருத்திக்குப் பொருந்தாது. எல்லா வயதுக்கும் ஒரே அளவு என்று விற்பவை பெரும்பாலும் ஐந்து கிலோவுக்கு மேல்தான் சரியாக நிற்கும். நம் பிள்ளைகள் பலர் இரண்டே முக்கால், மூன்று கிலோவில் பிறக்கிறார்கள், அந்தத் தொடையில் எலாஸ்டிக் தளர்ந்து நின்று எல்லாம் ஒழுகும், வாங்கியவர்கள் ஏமாந்துவிட்டோம் என்று நினைப்பார்கள். அதனால்தான் முதல் மூன்று மாதம் வெறும் வேட்டி லங்கோட்டு என்றேன்.

போடுவதிலும் ஒரு சின்ன நுட்பம் இருக்கிறது. எலாஸ்டிக் தொடையின் மேல் நிற்கக் கூடாது, ஜட்டி நிற்கும் இடத்தில், கவட்டி மடிப்புக்குள் உட்கார வேண்டும். உள்ளே இருக்கும் துணியின் நுனி ஒரு நூல் அளவு வெளியே எட்டிப் பார்த்தாலும் அந்த வழியாகவே சட்டை முழுவதும் நனைந்துவிடும், பத்தில் எட்டு ஒழுகலுக்கு இதுதான் காரணம் என்பது என் அனுபவம். கால் அகலமாக நிற்கிறதே, நடை கோணலாகிவிடுமோ என்று பெரியவர்கள் கேட்பார்கள். கவலை வேண்டாம், குழந்தையின் இடுப்பு மூட்டுக்கு அகன்று மடங்கிய கால்தான் நல்லது, இரண்டு காலையும் நேராக நீட்டி இறுக்கிச் சுற்றுவதுதான் கெடுதல்.

இப்போது தண்ணீர். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வேளச்சேரி வீட்டில் போர் தண்ணீர், பக்கெட் ஓரமெல்லாம் வெள்ளையாகப் படிந்து, ஹீட்டர் காயிலில் சுண்ணாம்பு பூத்திருக்கும். பெரியவனுக்கு நாலாம் மாதம் வரை எல்லாம் நன்றாகப் போனது, பிறகு ஒரு நாள் டயாபரை அவிழ்த்தால் கண் எரியும் அளவுக்கு அமோனியா வாடை. துவைத்து எடுத்தால் வாடை இல்லை, ஒரு முறை சிறுநீர் பட்டதும் திரும்ப வரும். துணியும் தண்ணீரைத் தள்ளிவிட ஆரம்பித்தது. குழந்தையின் தோலுக்கு நல்லது என்று நான் சோப்பைக் குறைத்துக்கொண்டே வந்திருந்தேன், அதுதான் தப்பு. உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்பைப் பிடித்துக்கொண்டு பிசுக்காக மாறி நூலிழையில் படிகின்றன, அழுக்கை எடுக்கச் சோப்பு மிச்சம் இருப்பதில்லை, அந்தப் பிசுக்குக்குள் கிருமி தங்கிவிடுகிறது, அடுத்த சிறுநீரில் வரும் யூரியாவை அது அமோனியாவாக மாற்றுகிறது. அதனால் உப்புத் தண்ணீர் உள்ள வீட்டில் பார் சோப்பு வேண்டாம், டிடர்ஜென்ட் பவுடரை மெஷின் சொல்லும் அளவுக்கு முழுதாகப் போடுங்கள், கூடவே ஒரு கரண்டி சலவை சோடா சேருங்கள், அது தண்ணீரின் கடினத்தை வாங்கிக்கொள்ளும். பிறகு சோப்பு மிச்சமில்லாமல் அலசுங்கள். பூந்திக்கொட்டைத் தண்ணீர் பட்டுப்புடவைக்குச் சரி, மூத்திரத் துணிக்கு அதன் சக்தி போதாது. வாடை ஏற்கெனவே வந்துவிட்டதா, உறைகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, உள்துணிகளை மட்டும் நல்ல வெந்நீரில் சலவை சோடாவும் டிடர்ஜென்ட்டும் போட்டு நான்கைந்து மணி நேரம் ஊறவைத்து, நுரை வருவது நிற்கும்வரை இரண்டு மூன்று தடவை அலசுங்கள். எனக்கு ஒரே தடவையில் சரியாயிற்று. தஞ்சாவூரில் சின்னவளுக்கு அதே துணிகள், அதே கவர்கள், காவிரித் தண்ணீர், இரண்டு வருடத்தில் ஒருமுறைகூட அந்த வாடை வரவில்லை.

துவைக்கும் முறை சிக்கலானது இல்லை. அழுக்கானதைத் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள், நம் வீடுகளில் பக்கெட்டில் ஊறப்போடுவதுதான் வழக்கம், ஆனால் ஒரு நாள் ஊறினால் அந்தத் தண்ணீரே நாறும், எலாஸ்டிக் போய்விடும், அதோடு தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் தண்ணீர் நிறைந்த பக்கெட் ஆபத்து. ஓட்டை உள்ள பிளாஸ்டிக் கூடையில் காற்றுப் படும்படி போட்டு வையுங்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும்வரை மலம் தண்ணீரில் கரைந்துவிடும், ஹெல்த் ஃபாசெட்டால் அடித்துவிட்டால் போதும். ஆறு மாதத்துக்கு மேல் கேழ்வரகுக் கஞ்சியும் இட்லியும் ஆரம்பித்ததும் அதைக் கழிப்பறையில் தட்டிக் கொட்டிவிட்டு ஃபாசெட்டால் அடியுங்கள், பச்சைத் தண்ணீர்தான், வெந்நீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். வாழைப்பழம் கொடுக்க ஆரம்பித்ததும் மலத்தில் கறுப்பு நூல் மாதிரி வரும், பூச்சி என்று பயந்து அழைக்காத தாய் இல்லை. அது வாழைப்பழத்தின் நார்தான்.

பிறகு மெஷினில் முதலில் சோப்பு கொஞ்சமாகப் போட்டு ஒரு சின்னச் சுற்று, அந்தத் தண்ணீர் போனதும் குழந்தையின் மற்ற துணிகளையும் சேர்த்து முழுச் சோப்போடு நீளமான சுற்று. வெந்நீர் வசதி இருந்தால் அறுபது டிகிரி வரை போகலாம், அதற்கு மேல் உறையின் படலம் தாங்காது. வேட்டித் துணியைக் கொதிக்க வைக்கலாம், உறையைக் கூடாது. டிரம்மில் முக்கால் அளவு துணி இருக்க வேண்டும், ஒன்றோடொன்று உரசினால்தான் அழுக்குப் போகும். துணிக்கு வாசனை கொடுக்கும் மென்மையாக்கி வேண்டவே வேண்டாம், அது நூலிழையில் மெழுகு மாதிரி படிந்து உறிஞ்சவிடாது. டெட்டால் ஊற்றுவதும் வேண்டாம், நன்றாகத் துவைத்து வெயிலில் காய்ந்த துணிக்கு அது தேவையில்லை, சரியாக அலசாவிட்டால் தோல் எரியும். மஞ்சள் கறையைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள், ஈரத்தோடு உச்சி வெயிலில் கொடியில் போடுங்கள், சாயங்காலம் தேடினாலும் கிடைக்காது. உறையை மட்டும் படலப் பக்கம் வெயில் நேராக அடிக்காமல் நிழல் பக்கமாகப் போடுங்கள்.

புண் வருமா என்று கேட்டீர்கள். நேர்மையாகச் சொல்கிறேன், துணி என்றால் புண்ணே வராது என்பது பொய். கடை டயாபருக்குள் சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற பொடி இருக்கிறது, அது சிறுநீரை ஜெல்லாக மாற்றிப் பிடித்துக்கொள்ளும், அதனால் தோல் அந்த நேரத்துக்கு ஈரமில்லாமல் இருக்கும். துணி அப்படிப் பிடிக்காது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, அதிகம் போனால் மூன்று, மாற்றியே ஆகவேண்டும், மலம் போனால் உடனே. புண் வருவது ஈரம், உரசல், மலத்தில் உள்ள செரிமான நொதிகள் மூன்றும் சேர்ந்து, சிறுநீர் நெடுநேரம் நின்றால் தோலின் அமிலத்தன்மை குறைந்து அந்த நொதிகள் இன்னும் வேகமாகத் தோலை அரிக்கும். எந்த டயாபர் என்பதைவிட எவ்வளவு நேரம் என்பதுதான் பெரிது. கடை டயாபர் நனையவில்லையே என்று எட்டு மணி நேரம் அப்படியே விடுகிற வீட்டிலும் புண் வரும். தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, சிறிது நேரம் வெறும் உடம்போடு விடுங்கள், தினமும் காலையில் ரப்பர் ஷீட்டில் ஒரு துணியை விரித்து அரை மணி நேரம் கிடந்தால் பாதிப் புண் வராது. அக்கினி நட்சத்திர நாட்களில் வீட்டில் இருக்கும்போது உறையே வேண்டாம். பவுடர் போடாதீர்கள், குழந்தை மூச்சில் போகும். துத்தநாகக் களிம்பு போட வேண்டி வந்தால் டயாபர் துணிக்கு மேலே இன்னொரு மெல்லிய துணியைப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் களிம்பு துணியில் ஏறி அது பிறகு உறிஞ்சாது. சிவப்பு தொடை மடிப்புக்குள் இருந்து, சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பரவினால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், களிம்பை மாற்றி மாற்றிப் பூசிக்கொண்டிருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறும்வரை கடை டயாபரோ, தினமும் கொதிக்க வைத்த வேட்டித் துணியோ போடுங்கள்.

இரவில் என்ன செய்வது என்றால், நான் இரவில் ஒரே ஒரு கடை டயாபர் போட்டேன், அதற்காக ஒரு நாளும் வருத்தப்படவில்லை. பெரிய பாக்கெட்டில் ஹெம்ப் பட்டையும் வேட்டித் துணியும் சேர்த்துப் போட்டால் சில குழந்தைக்கு ஆறேழு மணி நேரம் நிற்கும், முடிந்தால் செய்யுங்கள். தூங்காத தாய்க்கு அந்த ஒரு டயாபர் கொடுக்கும் தூக்கம் பெரிது. பஸ்ஸிலும் ரயிலிலும் ஊருக்குப் போகும்போதும் அப்படியே. எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்று வைத்துக்கொண்டவர்கள்தான் சீக்கிரம் விட்டுவிடுகிறார்கள். பகலில் மட்டும் துணி என்றாலே நாளைக்கு ஐந்தாறு டயாபர் குப்பைக்குப் போகாமல் நிற்கிறது.

அந்தக் குப்பையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடை டயாபர் மக்க ஐந்நூறு ஆண்டு ஆகும் என்று எல்லோரும் எழுதுவார்கள், அது கண்டுபிடித்தே நூறு ஆண்டு ஆகவில்லை, யாரும் அளந்து பார்த்ததில்லை, அதனால் அந்தக் கணக்கை நான் சொல்வதில்லை. என்னை உறுத்துவது வேறு. சென்னையில் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் மலை மாதிரி குவிந்த குப்பையைப் பார்த்திருப்பீர்கள், அங்கே போகும் முன் அந்த டயாபரை ஒரு மனிதர் கையால் எடுத்துப் பிரிக்கிறார். நாம் மலத்தோடு சுருட்டி, காய்கறிக் குப்பையோடு சேர்த்துப் போடுகிறோம். 2016-இன் திடக்கழிவு மேலாண்மை விதிகளே டயாபரையும் நாப்கினையும் பையிலோ தாளிலோ பத்திரமாகச் சுற்றித் தனியாகக் கொடுக்கச் சொல்லியிருந்தன, சுற்றுவதற்கான பையைத் தயாரிப்பவர்களே தரவேண்டும் என்றும் சொல்லியிருந்தன. இரவு டயாபரைப் போடும்போது மலத்தைக் கழிப்பறையில் கொட்டிவிட்டு, செய்தித்தாளில் சுற்றி, சிவப்பு மையில் ஒரு குறி போட்டு, தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள். ஒரு நிமிட வேலை.

துணி துவைக்கும் தண்ணீரும் மின்சாரமும் சூழலுக்குக் கெடுதல் இல்லையா என்று சிலர் கேட்பார்கள், நல்ல கேள்வி. பிரிட்டன் அரசின் சுற்றுச்சூழல் துறை 2008-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழந்தைக்கு இரண்டரை வருடத்துக்குக் கடை டயாபர் சுமார் 550 கிலோ, துணி சுமார் 570 கிலோ கரிம வாயுவுக்குச் சமம் என்று வந்தது, கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அதே ஆய்வு, வெளியே கொடியில் காயவைத்து, மெஷினை நிறைத்துத் துவைத்து, அதே துணியை இரண்டாவது குழந்தைக்கும் போட்டால் துணியின் கணக்கு நாற்பது சதவீதம் குறையும் என்றும், கொதிநீரில் துவைத்து மின்சார உலர்த்தியில் காயவைத்தால் கடை டயாபரைவிட மோசமாகிவிடும் என்றும் சொன்னது. 2023-இல் வந்த அவர்களுடைய புதிய ஆய்வில் துணி 345, கடை டயாபர் 457 என்று வித்தியாசம் தெளிவாகவே தெரிந்தது. அந்தக் குளிர் நாட்டுக் கணக்கு அது. நமக்கு வருடத்தில் ஒன்பது மாதம் வெயில் சும்மா கிடைக்கிறது, உலர்த்தி பெரும்பாலான வீட்டில் கிடையாது.

பணக் கணக்கை ரொம்ப நீட்டவில்லை. ஒரு கடை டயாபர் பத்து ரூபாய் என்று வைத்துக்கொண்டு நாளைக்கு ஆறு என்றால் மாதம் 1,800 ரூபாய். நான் சொன்ன ஆறு கவரும் நான்கு பாக்கெட்டும் ஒன்று 500, 600 என்று வாங்கினால் ஆறாயிரத்துக்குள் முடியும், வேட்டி வீட்டில் இருப்பது. இரவு ஒரு டயாபர், சோப்பு, மின்சாரம் எல்லாம் சேர்த்தாலும் ஐந்தாறு மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும், அடுத்த குழந்தைக்கும் அதுவே. பழகிய ஒருவர் பயன்படுத்திய கவர்களையும் வாங்கலாம், எலாஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள், உள்பக்கப் படலம் துணியிலிருந்து உரிந்து குமிழி விட்டிருந்தால் வாங்காதீர்கள்.

வேலைக்குத் திரும்பிய பின் குழந்தையை மாமியார் பார்த்துக்கொள்வார் என்றால், உங்களுக்கு அதிர்ஷ்டம். அவருக்கு ஒன்று தெரிந்திருக்கும், குழந்தை தூங்கி எழுந்ததும், பால் குடித்துக் கொஞ்ச நேரம் கழித்தும், தரையில் உட்கார்ந்து காலை நீட்டி, இரண்டு பாதங்களுக்கு மேல் குழந்தையை உட்கார வைத்து ஸ்ஸ் என்று சத்தம் கொடுப்பார்கள். என் அம்மா சின்னவளுக்கு நான்காம் மாதத்தில் ஆரம்பித்தார், ஏழாம் மாதத்தில் காலை மலத்துக்குத் துணியே தேவைப்படவில்லை. துணி போட்ட குழந்தைக்கு நனைந்தது தெரியும், முகத்தைச் சுளிக்கும், அதை வைத்தே நேரத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். காப்பகத்தில் விடுவதாக இருந்தால் அவர்களிடம் இப்போதே கேளுங்கள், நான் விட்ட ஒரு இடத்தில் துணியைப் போடமாட்டோம் என்று முதல் நாள்தான் சொன்னார்கள். சில இடங்களில் ஈரப்பையோடு, அதாவது நனைந்த துணியைப் போட்டு மூடும் பையோடு கொடுத்தால் மாற்றிவிட்டு அழுக்கைப் பையில் போட்டுத் திருப்பித் தருவார்கள், அவர்களுக்கு முக்கோணம் கட்ட வராது, பட்டையை உள்ளே வைத்து பட்டனைப் போட்டே தயார் செய்து அனுப்புங்கள்.

இப்போது உங்களுக்கு ஏழாம் மாதம் என்றால் நிதானமாகச் செய்ய நேரம் இருக்கிறது. வாங்கும் பருத்தி, ஹெம்ப் பட்டைகள் புதிதாக இருக்கும்போது உறிஞ்சாது, நூலில் இயற்கையான எண்ணெய்ப் பசை இருக்கும், ஐந்தாறு தடவை துவைத்தால்தான் வேலை செய்யும், அதனால் உங்கள் துணிகளைத் துவைக்கும்போதெல்லாம் அவற்றையும் சேர்த்துப் போட்டுக்கொண்டே இருங்கள். மாமியாரிடம் வேட்டியைக் கேட்டு வாங்கி, அவரையே கிழிக்கச் சொல்லி, ஒரு பொம்மையை வைத்து அந்த முக்கோணத்தை எப்படிக் கட்டுவது என்று உங்கள் கணவருக்குக் காட்டச் சொல்லுங்கள். தண்ணீர் எப்படி என்று ஒரு பாட்டிலில் சோப்பைக் கரைத்துக் குலுக்கிப் பாருங்கள், நுரை நிற்காமல் தயிர் மாதிரி திரிந்தால் சலவை சோடா ஒரு கிலோ வாங்கி வைத்துவிடுங்கள். குழந்தை ஐப்பசியில் பிறக்கும் கணக்கு என்றால் முப்பது துணிக்குப் பதில் நாற்பதாக வெட்டுங்கள், வீட்டுக்குள் ஃபேன் காற்றுப் படும் இடத்தில் ஒரு கொடியும் இப்போதே கட்டிவிடுங்கள்.